ரெஜிஸ்டரில் இல்லாத ஞாயிறுகள்

ஏழாவது ஹர்டில் சரிந்த சத்தம் மைதானத்தின் மறுகோடி வரை கேட்டது. முதலில் தடைப் பலகை தரையில் அடித்த 'படார்'. அதன் பின்னால் ஒரு உடம்பு விழுகிற சத்தம்.

ரெனிட்டா ஐஸ் பெட்டியை மூடிவிட்டு எழுந்து நின்றாள். ஓடவில்லை. கோச் கையைத் தூக்காமல் பிசியோ டிராக்குக்குள் கால் வைக்கக் கூடாது என்பது இந்த அகாடமியின் விதி. நந்தனத்தில் வாடகைக்கு எடுத்த மைதானத்தில் ஆம்ப்ரோஸ் சார் நடத்தும் தடகள அகாடமி இது. பிசியோ உட்கார ஒரு பெஞ்சு, ஒரு குடை, ஒரு ஐஸ் பெட்டி. நாலு வருடமாக அவளுடைய இடம் அதுதான்.

கோச் டெரிக் முதலில் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். அதை அமுக்கி நிறுத்தினார். பிறகுதான் கையைத் தூக்கினார்.

ரெனிட்டா ஓடினாள்.

நாலாவது லேனில் மஹ்விஷ் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயசு. நானூறு மீட்டர் ஹர்டில்ஸில் அகாடமிக்கு இருக்கிற ஒரே பெயர். முழங்கை உரசி ரத்தம் கசிந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. இடது காலைத்தான் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், முழங்காலுக்குக் கீழே, எலும்பு தோலுக்கு அடியிலேயே தட்டுப்படுகிற இடத்தில்.

ரெனிட்டா அவள் கையை விலக்கிவிட்டு விரல் நுனியால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு வந்தாள். வலி பரவலாக இருந்தால் தசை. ஒரே புள்ளியில் இருந்தால் எலும்பு. பாதி வழியில் மஹ்விஷின் தோள் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு விரல் அகலம். அதற்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"அக்கா, கிராம்ப்புன்னு சொல்லிடு," என்றாள் மஹ்விஷ், உதட்டை அசைக்காமல்.

டெரிக் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னாம்மா?"

"கிராம்ப் சார்," என்றாள் ரெனிட்டா.

தசைப்பிடிப்பு என்று யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வாழப்பழம் குடு. பத்து நிமிஷம் உக்காரட்டும்." டெரிக் வேறு எதுவும் கேட்கவில்லை. சரிந்து கிடந்த ஹர்டிலைக் காலால் நகர்த்தி நிமிர்த்திவிட்டுப் போனார்.

ரெனிட்டா வாழைப்பழம் எடுக்கப் போனாள். பொய் சொன்ன பிறகும் உள்ளே எதுவுமே ஆகவில்லை என்பதுதான் அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

•

இது அன்றைக்கு ஆரம்பித்ததில்லை. எட்டு வாரம் முன்பு ஆரம்பித்தது. அதற்கும் காரணம் ஒரு நோட்டு.

பிசியோ ரெஜிஸ்டர் என்று ஒரு நீள நோட்டு உண்டு. பெயர், என்ன வலி, என்ன செய்தோம், கையெழுத்து. எந்த அகாடமியிலும் இருப்பதுதான். இங்கே மட்டும் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை காலை எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து டெரிக் அதை உரக்க வாசிப்பார்.

"மணிமொழி. இடுப்பு வலி. ஏம்மா, நீ குண்டு தூக்கறியா, குடம் தூக்கறியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். குண்டு எறிகிற மணிமொழியும் சிரிப்பாள். அவளுக்குத் தடித்த தோல். "ரெண்டும்தான் சார். எங்க ஏரியாக்கு தண்ணி லாரி வரல," என்பாள்.

எல்லோருக்கும் அப்படி இல்லை. போன வருடம் ஒரு நெடுந்தூர ஓட்டக்காரி, நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று ரெனிட்டாவிடம் சொன்னாள். அது எலும்பைப் பாதிக்கிற விஷயம், எழுதித்தான் ஆக வேண்டும். ரெனிட்டா எழுதினாள். திங்கட்கிழமை டெரிக் அதையும் வாசித்தார், பையன்களையும் வைத்துக்கொண்டு. புதன்கிழமையிலிருந்து அந்தப் பெண் வரவில்லை.

ரெனிட்டா ஆம்ப்ரோஸ் சாரிடம் போய்ச் சொன்னாள். "டெரிக் ஸ்டைல் அது. ஒளிச்சு வைக்கக் கூடாதுன்னு செய்றான்," என்றார் அவர். அதன் பிறகு மைதானத்தில் யாருக்கும் எந்த வலியும் இல்லாமல் போய்விட்டது. ரெஜிஸ்டர் முழுக்க நார்மல், நார்மல், நார்மல்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஒன்பது மணிப் பூசை முடிந்து ரெனிட்டா சாந்தோமில் தன் ஃபிளாட்டுக்குத் திரும்பியபோது, படிக்கட்டில் மஹ்விஷ் உட்கார்ந்திருந்தாள். கால் வலிக்கிறது, மைதானத்தில் சொல்ல முடியாது என்றாள்.

உள்ளே அழைத்துப் போனாள். சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து அதன் மேல் உட்கார வைத்தாள். ஸ்டீல் டம்ளரில் உறைய வைத்த ஐஸால் தேய்த்துவிட்டாள், டேப் சுற்றினாள், இரண்டு வாரம் ஓடக் கூடாது என்றாள். மஹ்விஷ் சரி என்று தலையாட்டினாள். மறுநாள் ஓடினாள். அடுத்த ஞாயிறு மறுபடி வந்தாள்.

மூன்றாவது வாரத்திலிருந்து ரெனிட்டாவின் அம்மா ஆலிஸ் அவளுக்கும் சேர்த்துச் சமைத்தாள். மஹ்விஷ் ஹலால் இல்லாத கறி சாப்பிட மாட்டாள் என்பதால், அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்று மீன் குழம்பு ஆயிற்று. இருபது வருடப் பழக்கம், யாரும் எதுவும் பேசிக்கொள்ளாமல் மாறியது. மஹ்விஷ் வாயில் 'மேடம்' எப்போது 'அக்கா' ஆனது, 'வாங்க போங்க' எப்போது 'வா போ' ஆனது என்று ரெனிட்டாவுக்கு ஞாபகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்த்ததை அவள் ரெஜிஸ்டரில் ஏற்றவில்லை. ஏற்றினால் திங்கட்கிழமை டெரிக் வாசிப்பார். புதன்கிழமை அகாடமி செக்கப்பில் மஹ்விஷ் பெயருக்கு நேராக 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒன்றல்ல, எட்டு புதன்கிழமைகள்.

•

அன்று மத்தியானம் டெரிக் மூன்று படிவங்களைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டா டிரையல். சனிக்கிழம காலைல. மணிமொழி, சைஃப், மஹ்விஷ். கையெழுத்து போட்டு சீல் வெச்சுடு. எட்டு வாரத்து ரெஜிஸ்டர் ஜெராக்ஸ் கூட வெக்கணுமாம்."

ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் வேலை அது. தேறினால் நிரந்தரம். சீருடை, அடையாள அட்டை, ஓடுவதற்குச் சம்பளத்தோடு விடுப்பு. படிவத்தின் கடைசி வரி: 'கடந்த எட்டு வாரங்களில் இவருக்குக் காயம் எதுவும் இல்லை என்று சான்றளிக்கிறேன்.' கீழே பிசியோவின் பெயர், பதிவு எண்.

"நாளைக்குப் போடறேன் சார்."

"ஏன், கை வலிக்குதா? அதையும் ரெஜிஸ்டர்ல எழுதிக்கோ."

"காலைல விழுந்தாளே சார், மஹ்விஷ்."

"விழுந்தா. நீதான கிராம்ப்புன்ன." டெரிக் சூயிங்கம்மை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "நீ சொல்றதுதான் எனக்குத் தெரியும் ரெனிட்டா. உன் கண்ணுதான் என் கண்ணு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடுத்துடு."

அவர் போன பிறகு ரெனிட்டா ரெஜிஸ்டரைத் திறந்து புதன்கிழமைகளை மட்டும் புரட்டினாள். அவளுடைய கையெழுத்து அழகாக இருக்கும். எட்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது.

•

மாலை ஐந்து மணிக்கு மஹ்விஷ் வந்தாள். வியாழக்கிழமை அவள் வந்தது அதுதான் முதல் தடவை. ஆலிஸ் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாம்மா. முகமெல்லாம் வாடிக் கிடக்கு, சாப்டியா?"

"சாப்டேன்ம்மா."

மேஜை மேல் ஏறி உட்கார்ந்து தானாகவே கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டாள். ரெனிட்டா மறுபடி விரலை வைத்தாள். காலையில் இருந்த அதே இடம். இப்போது தொட்டவுடனே.

"எலும்புல விரிசல் விழுந்திருக்குன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறதான? உறுதியா தெரியாதுல்ல?"

"ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சுடும். தி.நகர்ல ஒரு இடம் இருக்கு, காலைல ஏழு மணிக்கே தொறப்பாங்க. நான் கூட வரேன்."

"வேணாம். ஸ்கேன் எடுத்தா பேப்பர் வரும். பேப்பர் வந்தா போச்சு."

"ஓடும்போது முழுசா உடைஞ்சா?"

"ஒரு நிமிஷங்கா. ஒரே ஒரு நிமிஷம் ஓடப் போறேன். கோட்டத் தாண்டினப்புறம் உடையட்டும். ஆறு மாசம் படுத்துக்கினு இருக்கேன், எவன் கேக்கப் போறான்."

"கோட்டுக்கு முன்னாடியே உடைஞ்சுதுன்னா, அப்புறம் ஓட்டமே கிடையாது. வேலையும் கிடையாது. நடக்கறதே வேற மாதிரி ஆயிடும்."

மஹ்விஷ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவள் அப்பா சர்தாருக்கு ஜாம்பஜாரில் பெட்டி, பை ஜிப் ரிப்பேர் பண்ணுகிற சின்னக் கடை. மகள் அரை டிராயர் போட்டுக்கொண்டு ஓடுவதை அவர் தடுத்ததில்லை. ஓடினால் வேலை வரும் என்று யாரோ சொன்னதை நம்பி மூன்று வருடம் பொறுத்தவர்.

"அப்பா இன்னா சொன்னாரு தெரியுமா? இந்த வாட்டி வேல வரலன்னா ஷூவ வெச்சுட்டு கடைக்கு வந்துடுன்னாரு. கோவத்துல சொல்லல. சாதம் சாப்ட்டுக்கினே சொன்னாரு. ரசம் ஊத்துன்றா மாதிரி."

ரெனிட்டா ஐஸ் டம்ளரை எடுத்து வந்து காலில் வைத்தாள்.

"ஒரு கையெழுத்துதான?" என்றாள் ஆலிஸ், நெத்திலித் தலையைக் கிள்ளிப் போட்டபடி. "எத்தன பேருக்குப் போடற. இந்தப் புள்ளைக்குப் போட்டா இன்னா கொறஞ்சிடும்?"

"அம்மா, நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். எட்டு வாரமா சும்மாதான் மீன் ஆஞ்சிக்கினு இருக்கேன்."

மஹ்விஷ் லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "போடுவியா, மாட்டியா?"

"நான் உன் பிசியோ மஹ்விஷ். அக்கா இல்ல."

"இந்த மேஜ மேல உக்கார வெச்சப்ப நீ பிசியோவா இருந்தியா?"

கேள்வியில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. ரெனிட்டா பிசியோவாக இருந்திருந்தால் எழுதியிருப்பாள். அக்காவாக இருந்திருந்தால் இரண்டாவது ஞாயிறே ஷூவைப் பிடுங்கி வைத்திருப்பாள். எட்டு வாரமும் அவள் இரண்டில் எதுவாகவும் இல்லை.

மஹ்விஷ் கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தாள். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இடது காலையே முதலில் வைத்து இறங்கினாள். ரெனிட்டா மேலே நின்று ஒவ்வொரு படியாகப் பார்த்தாள்.

ஆறு மணிக்குப் போன் வந்தது. மஹ்விஷின் அம்மா ஹமீதுன்னிசா.

"ரெனிட்டாம்மா, எங்க பாப்பா காலு நல்லாத்தான கீது?"

"அவளையே கேளுங்கம்மா."

"கேட்டேன். அக்காவ கேளுன்னுச்சு."

ரெனிட்டா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "அவ மேஜர்ம்மா. அவ உடம்பப் பத்தி அவ சொல்லச் சொல்லாம நான் யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்டயும்."

"அப்ப ஏதோ கீது."

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"இல்லன்னும் சொல்லலியே." தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. "சரிம்மா. சாப்பிடுங்க," என்று வைத்துவிட்டாள்.

ஆலிஸ் நெத்திலியை வறுத்து எடுத்து வந்தாள். ரெனிட்டா சாப்பிட்டாள். உப்பு போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

•

வெள்ளிக்கிழமை அவள் ஆறரைக்கே அறைக்கு வந்துவிட்டாள். கேலரிக்கு அடியில் இருக்கிற சின்ன அறை. ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்று வழி இருந்தது.

ஒன்று, கையெழுத்துப் போடுவது. ரெஜிஸ்டரே அவளுக்கு சாட்சி. எட்டு வாரமும் நார்மல். கால் முறிந்தாலும் அன்றைக்கு டிராக்கில் முறிந்தது என்று ஆகிவிடும்.

இரண்டு, இப்போது சேர்த்து எழுதுவது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு வரி இடம் காலியாக இருந்தது. 'இடது கால், வலி, ஓய்வு அறிவுறுத்தப்பட்டது' என்று பழைய தேதி போட்டு நுழைத்துவிட்டால், அவள் ஒழுங்கான பிசியோ. சொல்பேச்சுக் கேட்காதது மஹ்விஷ் என்று ஆகும். ரெனிட்டா பேனா மூடியைக் கழற்றக்கூடச் செய்தாள். மை காய்ந்திருக்கிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள். காயவில்லை.

வெளியே யாரோ ஸ்டார்ட்டிங் பிளாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மஹ்விஷின் கால் மஹ்விஷுடைய விஷயம். அவள் சம்மதம் இல்லாமல் அதைப் பற்றி எழுத ரெனிட்டாவுக்கு உரிமை இல்லை. ஆனால் ரெஜிஸ்டர் ரெனிட்டாவுடையது. தன்னைப் பற்றி எழுத யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நாலு வரி வந்தது. 'கடந்த எட்டு வாரங்களாக இந்த அகாடமியின் வீராங்கனை ஒருவருக்கு என் வீட்டில் வைத்து சிகிச்சை கொடுத்தேன். அதை ரெஜிஸ்டரில் பதியவில்லை. ஆகவே என் ரெஜிஸ்டர் உண்மையானது அல்ல. அதை வைத்து யாருக்கும் உடல்தகுதிச் சான்று கொடுக்க என்னால் முடியாது.'

இன்றைய தேதியைப் போட்டாள்.

ஆம்ப்ரோஸ் சார் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவர். எதைப் படித்தாலும் இரண்டு தடவை படிப்பார். இதையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு அந்தப் பொண்ணு?"

"பேரு சொல்ல முடியாது சார்."

"பேரு இல்லாம நான் இத வெச்சுக்கினு இன்னா பண்றது?"

"மூணு பேரையும் வெளி டாக்டர் யாராவது புதுசா பார்க்கட்டும் சார். ரெஜிஸ்டர் வேணாம். அவங்க டெஸ்ட் பண்ணி எழுதட்டும்."

"இது வெளிய போனா நம்ம எடத்தோட மானம் போயிடும். உன்ன இங்க வெச்சுக்க முடியாதும்மா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் எழுதினியா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "ஒரே சர்ச்சு, ஒரே பங்கு நாம. உங்க அப்பாவ எனக்குத் தெரியும். என்கிட்ட வந்து வாயால சொல்லியிருக்கலாம் இல்ல, இப்படி எழுத்துல குடுக்கணுமா?" என்றார்.

"இவ்ளோ நாளும் வாயாலதான் சார் இருந்துச்சு."

அவர் டெரிக்கைக் கூப்பிட்டனுப்பினார். டெரிக் வந்து நின்றபடியே தாளைப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சூயிங்கம் மெல்லுவது நின்றிருந்தது.

"வீட்டுல வெச்சா? எட்டு வாரமா?" அவர் ரெனிட்டாவைப் பார்க்காமல் ஆம்ப்ரோஸ் சாரைப் பார்த்தே பேசினார். "எனக்கு இன்னா சார் தெரியும். ரெஜிஸ்டர் பார்த்துதான ஓட விடறேன். நார்மல்னு கையெழுத்து போட்டுக் குடுத்தா நான் நம்பாம இன்னா பண்றது? ஒரு கோச் பிசியோவ நம்பலன்னா வேற யார நம்புவான்?"

குரல் கொஞ்சம் உடைந்தது. ரெனிட்டாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததே அவர்தான்.

"சாரி சார்," என்றாள் அவரிடம்.

"பரவால்லம்மா. நல்ல மனசு உனக்கு. அதான் இந்த எடத்துல கொண்டாந்து விட்டுடுச்சு."

•

மைலாப்பூரிலிருந்து ஒரு எலும்பு டாக்டரைப் பிடித்து ஒரு மணிக்கு வரவழைத்தார்கள். அவளுடைய அறையிலேயே பரிசோதனை. ரெனிட்டா உள்ளே இருக்கக் கூடாது என்று ஆம்ப்ரோஸ் சார் சொல்லிவிட்டார். அவள் கதவுக்கு வெளியே, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றாள்.

மணிமொழி முதலில் வெளியே வந்தாள். "முட்டியத் தட்டிப் பாத்தாரு. தேங்கா முத்திடுச்சா இல்லையான்னு பாக்கறா மாதிரி," என்றாள். பிறகு ரெனிட்டாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், யாராச்சும் உங்கள இன்னாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ பாஸா?"

"பாஸ்."

அடுத்து சைஃப். உயரம் தாண்டுகிறவன். அவனும் பாஸ்.

மஹ்விஷ் கடைசி. ரெனிட்டாவைத் தாண்டித்தான் உள்ளே போனாள். நடையில் எந்தக் குறையும் தெரியாதபடி நடந்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது.

டாக்டரின் குரல் கேட்டது. "இடது காலால மட்டும் நில்லும்மா. அப்படியே பத்து தடவ குதி. நான் எண்ணறேன்."

ரெனிட்டா டிரம்மின் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." சிமெண்ட் தரையில் வெறும் பாதம் விழும் சத்தம் சீராக இருந்தது. "நாலு. அஞ்சு." சத்தத்துக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம் நீண்டது. "ஆறு."

ஏழு வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்தான் வந்தது. பிறகு டாக்டர் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். மஹ்விஷ் ஏதோ பதில் சொன்னாள். இரண்டும் வெளியே கேட்கவில்லை.

•

ரெனிட்டா தன் சாமான்களை எடுத்துக்கொள்ள பத்து நிமிடம் கூட ஆகவில்லை. ஒரு கத்தரிக்கோல், பாதி தீர்ந்த டேப் சுருள் இரண்டு, டிபன் பாக்ஸ். ரெஜிஸ்டரை மேஜை மேல் வைத்தாள். சாவியை அதன் மேல் வைத்தாள். மைதானத்தில் டெரிக் ரிலே பையன்களுக்கு பேட்டன் கை மாற்றுவதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் போவதைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

அண்ணா சாலைப் பக்கத்து கேட்டில், காவலாளியின் பெஞ்சில் மஹ்விஷ் உட்கார்ந்திருந்தாள். இடது காலில் டாக்டர் கட்டிவிட்ட பட்டை. காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அது அவள் மடியில் மடித்தபடி கிடந்தது. அப்பா டி.வி.எஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாராம். பஸ்கள் இரைச்சலோடு போயின.

ரெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. ஆறுக்கு அப்புறம் காலு கீழ வர மாட்டேன்னுச்சு. அவ்ளோதான்."

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"போன்ல சொல்லிட்டேன். 'சரி, அங்கயே இரு, வரேன்'னாரு."

இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தார்கள். மஹ்விஷ் அழவில்லை. ரெனிட்டாவுக்கும் அழுகை வரவில்லை. வேலை போனதும், இவளுடைய வேலை வராமல் போனதும் யாரோ பக்கத்து வீட்டில் நடந்த விஷயம் மாதிரி இருந்தது. ஒரே ஒரு காரியம் மட்டும் மிச்சம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"நான் பேரு சொல்லல. ஆனா இப்ப டெஸ்ட்ல தெரிஞ்சுபோச்சு, அது நீதான்னு," என்றாள். "ஆம்ப்ரோஸ் சார் உன்னக் கூப்பிட்டுக் கேப்பாரு. வலிய மறைச்சுட்டு நீயாவே தேடிக்கினு வந்தன்னு ஆச்சுன்னா அடுத்த வருஷம் உன்ன சேத்துக்க மாட்டாங்க. அதனால, நான்தான் உன்ன வீட்டுக்குக் கூப்பிட்டேன்னு சொல்லிடு. மேடம் கூப்பிட்டாங்க, நான் போனேன்னு. நான் எப்படியும் இங்க இல்ல. எனக்கு இதுல ஒண்ணும் ஆகப் போறதில்ல."

மஹ்விஷ் திரும்பிப் பார்த்தாள். மடியில் இருந்த ஸ்கேன் சீட்டை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"நீங்க எங்க மேடம் கூப்பிட்டீங்க? வலிக்குதுன்னு மொத மொதல்ல சார்கிட்டதான் சொன்னேன். 'ரெஜிஸ்டர்ல ஏறாம வலி கொறையணும்னா ஞாயித்துக்கிழம ரெனிட்டா வீட்டுக்குப் போ, அவ எழுத மாட்டா'ன்னு வழி சொல்லி அனுப்பினதே டெரிக் சார்தான்."